15 வருட வயரிங் வேலை. கையில் ஒரு சான்றிதழ் இல்லை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. சொந்த ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. 15 வருடமாகக் கொழும்பில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வயரிங் வேலை செய்கிறேன். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பல தொடர்மாடிகளில் வேலை பார்த்திருக்கிறேன். அண்மையில் எங்கள் வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர் இடம் காலியானது. என்னிடம் வேலை பழகிய பையனுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அவனிடம் என்.வி.கியூ. 4 என்ற தொழிற்சான்றிதழ் இருக்கிறதாம். கட்டாருக்குப் போக முயன்றபோதும் சான்றிதழைத்தான் முதலில் கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக முடியாது. புறக்கோட்டையில் ஒருவர், காசு கொடுத்தால் மூன்று கிழமையில் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. முதலாளியிடம் சேவைக் கடிதம் கேட்டால், விட்டுப் போய்விடுவேன் என்று தர மறுக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

வேலையை விடாதீர்கள். புறக்கோட்டைக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் உங்கள் கையில் கிடைப்பதற்குள் நீங்கள் அவசரப்பட்டு எதையும் செய்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது.

நான் மின் தொழிலில் பயிற்றுநராகவும் மதிப்பீட்டாளராகவும் இருப்பவன். உங்களைப் போன்றவர்கள் எங்களிடம் வரும்போது ஒரே எண்ணத்தோடுதான் வருகிறார்கள்: சான்றிதழ் என்றால் வகுப்பு, வகுப்பு என்றால் ஆறு மாதம் சம்பளம் இல்லை. தேசிய தொழிற்றகைமையை, அதாவது நாம் எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வதை, அப்படி அமைக்கவில்லை. வகுப்பில் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று அது கேட்பதில்லை. இந்தத் தொழிலில் செய்ய வேண்டிய வேலைகள் இவை, இவற்றை இந்தத் தரத்தில் உங்களால் செய்து காட்ட முடியுமா, ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறது. பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டு இந்த முறையைத் தொடங்கியபோதே வேலைத்தளத்தில் கற்றுக்கொண்டவருக்கும் தகைமை கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கமாக இருந்தது. நம் நாட்டில் இதற்குப் பொறுப்பாக இருப்பது, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

இந்தச் சான்றிதழுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, அங்கீகாரம் பெற்ற பாடநெறியைப் படித்து, தொழிலிடப் பயிற்சியையும் முடித்து, இறுதி மதிப்பீட்டுக்குப் போவது. இரண்டாவது, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா மூலமாக ஒரு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே கற்பது. மூன்றாவதுதான் உங்களுக்கு உரியது: முன்கற்றல் அங்கீகாரம். ஆர்.பி.எல். என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் புரிந்துகொள்வார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்து தொழிலைக் கற்றவர், புதிதாக எதையும் படிக்காமலே நேரடியாக மதிப்பீட்டுக்கு வருவது இது. க.பொ.த. சாதாரண தரம் இல்லை, எட்டாம் வகுப்புதான் என்பது இந்த வழிக்குத் தடையே இல்லை. எந்த வழியால் வந்தாலும் கடைசியில் கிடைக்கும் தகைமை ஒன்றுதான். அந்தப் பையனின் 4ஆம் நிலைக்கும் நீங்கள் எடுக்கப்போகும் 4ஆம் நிலைக்கும் மதிப்பில் வித்தியாசம் கிடையாது.

நிலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 7. முதல் 4 நிலைகள் தேசிய சான்றிதழ்கள், 5ம் 6ம் டிப்ளோமாக்கள், 7 பட்டம். 3ஆம் நிலைக்காரர் ஓரளவு மேற்பார்வையோடு வேலை செய்வார். 4ஆம் நிலை என்பது தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்யும் முழுக் கைவினைஞரின் நிலை. நீங்கள் குறிவைக்க வேண்டியது 4. ஆனால் மதிப்பீட்டாளர் 3 என்று சொன்னாலும் முகத்தைச் சுருக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னிணைப்பாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் திட்டத்தில் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடிப்படைத் தகுதியாக வைத்திருப்பது 3ஆம் நிலைதான். 3ஐக் கையில் வைத்துக்கொண்டு 4க்கு மீண்டும் வரலாம்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். '15 வருடம்' என்பது உங்கள் கடிதத்தில் அழுத்தமாக இருக்கிறது. அந்த உழைப்பின் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் மதிப்பீட்டு அறையில் வருடத்துக்கு மதிப்பு இல்லை. அந்த வருடங்களில் உங்கள் கை எதையெல்லாம் செய்தது என்பதற்குத்தான் மதிப்பு. வருடக்கணக்கில் சுவரை வெட்டிக் கொண்டியுட் குழாய் பதித்து வயர் இழுத்தவர் ஒருவர். மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கும் டி.பி. பலகை கட்டி, பரிசோதித்து, பழுது கண்டுபிடித்துத் திருத்தியவர் இன்னொருவர். வேலைத்தளத்தில் இருவரையும் 'வயரிங் பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மதிப்பீட்டில் இருவருக்கும் ஒரே முடிவு வராது. நீங்கள் இவர்களில் எவர் என்பதை நேர்மையாகப் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

அதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் தேசிய தேர்ச்சித் தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் அந்தத் தொழில் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அலகிலும் என்னென்ன செய்ய வேண்டும், எந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிவரியாக இருக்கும். மின் தொழிலாளிக்கு உரியதைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலோ நைட்டாவிலோ கேட்டு வாங்குங்கள். உங்களிடம் வேலை பழகிய அந்தப் பையனிடமும் இருக்கக்கூடும். அவனிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். தாளை அவன் உங்களுக்குக் காட்டட்டும். ஒரு மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: அடிக்கடி செய்கிறேன், எப்போதாவது செய்திருக்கிறேன், செய்ததே இல்லை. மூன்றாவது வகையில் விழும் வரிகள்தான் அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் பாடம்.

தொடர்மாடி வேலையில் இருப்பவருக்கு எது விடுபடும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வீட்டு வயரிங் கைவந்திருக்கும், மோட்டார் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். உங்கள் கட்டடத்திலேயே தண்ணீர்ப் பம்பின் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது, ஜெனரேட்டர் மாற்றுச் சுவிட்ச் இருக்கிறது. அவற்றைக் கட்ட வருபவரோடு இரண்டு நாள் நிற்க அனுமதி கேளுங்கள். பெரிய மோட்டாருக்கு ஏன், ஸ்டார் இணைப்பில் தொடங்கிப் பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போடுகிறார்கள் என்று நான் கேட்டால், 'அப்படித்தான் போடுவார்கள்' என்பது பதில் இல்லை. ஸ்டார் இணைப்பில் தொடங்கும்போது, இணைப்புக் கம்பியில் இழுபடும் மின்னோட்டம் நேரடியாக டெல்டாவில் தொடங்கும்போது இழுபடுவதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதுதான் பதில். இரண்டு நாள் கூட நின்று பார்த்து, நான்கு கேள்வி கேட்டவருக்கு இது மறக்காது.

ஆனால் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் உண்மையில் தடுக்கி விழுவது மோட்டாரில் அல்ல, பரிசோதனையில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது சான்றிதழோடு நிற்கும் விஷயம் இல்லை, உயிரோடு சம்பந்தப்பட்டது.

மதிப்பீட்டில் நான் அடிக்கடி கொடுக்கும் ஒரு சிறிய வேலை: இந்தப் பிளக் பொயின்டை மாற்ற வேண்டும், முதலில் இந்தச் சுற்றில் மின்சாரம் இல்லை என்று எனக்கு உறுதிப்படுத்திக் காட்டுங்கள். வேகமான கைக்காரர்கள் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்குவார்கள், சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒரு துளையில் வைப்பார்கள், விளக்கு எரியவில்லை என்றதும் முகப்பைக் கழற்றத் தொடங்குவார்கள். அந்த இடத்திலேயே நான் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அந்த டெஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு என்ன சாட்சி? சரியான முறை இது. எம்.சி.பி.யை இறக்கி, வேறு யாரும் ஏற்றிவிடாதபடி பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அறிவிப்பு அட்டை தொங்கவிட வேண்டும். பிறகு மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் பரிசோதனைக் கருவியை வைத்து அது காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேலை செய்யும் இடத்தில் லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளக்க வேண்டும். முடிந்ததும் திரும்பப் போய், கருவி இன்னும் வேலை செய்கிறதா என்று முன்பு பார்த்த இடத்திலேயே பார்க்க வேண்டும். சட்டைப் பை டெஸ்டரை நம்பி இதைச் செய்ய முடியாது. இரண்டு முனைகளை வைத்து அளக்கும் முறையான கருவி வேண்டும். இவ்வளவும் சில நிமிட வேலைதான். வேலைத்தளத்தில் 'நேரம் இல்லை' என்று ஒவ்வொரு நாளும் விட்டுப் பழகியவரின் கை, மதிப்பீட்டு நாளிலும் அதை விட்டுவிடுகிறது.

இன்னொரு கேள்வி. மின்கசிவு வந்தால் விழும் ட்ரிப் சுவிட்சில் பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழுகிறது. அப்படியானால் இந்த வீட்டின் எர்த் சரியாக இருக்கிறது என்று சொல்லலாமா? 'ஆம்' என்று உடனே சொல்பவர்களில் பல வருடம் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். சரியான பதில் 'இல்லை'. அந்தப் பொத்தான், சுவிட்சுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாக ஒரு பொய்யான கசிவை உண்டாக்குகிறது. எர்த் வயர் அதில் சம்பந்தப்படவே இல்லை. எர்த் ரொட்டுக்குப் போகும் வயர் அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்குச் சுவிட்ச் விழும். எர்த்தை அதற்குரிய கருவியால் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயரின் காப்பை அளக்கும் மெகரும் அப்படித்தான். 230 வோல்ட் சுற்று ஒன்றின் காப்பை 500 வோல்ட் நேர்மின்சாரத்தில் சோதிக்கிறோம். குறைந்தது 1 மெகஓம் காட்ட வேண்டும். புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவே காட்டும். ஆனால் கருவியை வைப்பதற்கு முன் மின்விளக்குகளைக் கழற்றினீர்களா, இலத்திரனியல் பொருட்களை அகற்றினீர்களா, சுவிட்சுகளை ஏற்றி வைத்தீர்களா என்பதைத்தான் மதிப்பீட்டாளர் பார்ப்பார். இலக்கத்தை வாசிக்க எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய ஆயத்தத்தில்தான் தொழிலாளியின் தரம் தெரியும். உங்கள் ஒப்பந்தக்காரரிடம் மெகர் இல்லையென்றால், கட்டடத்தைப் பரிசோதிக்க வரும் பொறியியலாளர் கொண்டு வருவார். அவர் வரும் நாளில் விடுமுறை எடுக்காதீர்கள். கருவியை நீங்கள் பிடிக்கவும் அளவை நீங்கள் எழுதவும் அனுமதி கேளுங்கள்.

அடுத்தது சான்று சேர்ப்பது. ஆர்.பி.எல். விண்ணப்பத்தோடு ஒரு சான்றுக் கோப்பு கேட்பார்கள். நீங்கள் இன்றைக்கே தொடங்கக்கூடியது இதுதான், இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தேதி, இடம், செய்த வேலை, பயன்படுத்திய கருவி, எடுத்த அளவு, வந்த பிரச்சினை, அதைத் தீர்த்த விதம் என நாலைந்து வரி தமிழில் எழுதுங்கள். அழகான வசனம் தேவையில்லை. '7ஆம் மாடி, 3ஆம் வீடு, சமையலறைச் சுற்றில் ட்ரிப் விழுந்தது. ஒவ்வொரு பொயின்டாகக் கழற்றிப் பார்த்தேன். கழுவும் தொட்டிக்குக் கீழே பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. பெட்டியை மேலே மாற்றினேன். மெகர் பார்த்து எழுதினேன்.' இப்படி ஒரு குறிப்பு என் மேசைக்கு வந்தால், அதை எழுதியவர் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என்பது எனக்கு உடனே விளங்கிவிடும். அதிலிருந்தே என் கேள்விகளையும் கேட்பேன், நீங்களும் தயங்காமல் பதில் சொல்வீர்கள்.

படங்களும் வேண்டும். முடிந்த வேலையின் பளபளப்பான படம் மட்டும் போதாது, அது யாருடைய வேலையாகவும் இருக்கலாம். பூசுவதற்கு முன் சுவரில் கொண்டியுட் போன பாதை, மூடி கழற்றிய டி.பி. பலகையின் உள்பக்கம், நீங்கள் ஒட்டிய பெயர்ச் சீட்டுகள், நீங்கள் கருவியோடு நிற்கும் படம் என வேலை நடக்கும்போதே எடுங்கள். ஒரே இடத்தை வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் இன்னும் நல்லது. குடியிருப்பவர்களின் வீட்டுக்குள் அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

முதலாளியின் கடிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் பயப்படுவது ஏன் என்று புரிகிறது. நல்ல கைக்காரரை இழக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அவர் தராவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உங்கள் வேலையை நேரில் கண்ட பொறியியலாளர், கட்டட நிர்வாகி, தனியாக வயரிங் செய்துகொடுத்த வீட்டுக்காரர் ஆகியோரிடமிருந்து கடிதம் வாங்கலாம். 'இவர் நல்லவர், நேர்மையானவர்' என்று எழுதும் கடிதத்தால் அதிகப் பயன் இல்லை. 'இன்ன வருடம், இன்ன கட்டடத்தில், இன்ன வேலையை இவர் செய்தார்' என்று இருக்க வேண்டும். முதலாளியிடமும் இன்னொரு முறை, வேறு விதமாகப் பேசிப் பாருங்கள். பெரிய ஒப்பந்தங்களுக்கு விலைமனு போடும்போது தகைமை பெற்ற ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். உங்கள் சான்றிதழ் அவருக்கும் உதவும் என்பதை அவர் யோசித்திருக்கமாட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளி பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் போக வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதத்தை முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். நாட்சம்பளக்காரர், தற்காலிகமாக வேலை செய்பவர் என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். கட்டியிருந்தால், அந்தக் கணக்குக் கூற்றே நீங்கள் இத்தனை வருடம் அங்கே வேலை செய்ததற்கு மறுக்க முடியாத சான்று. சேவைக் கடிதத்துக்குக் கெஞ்ச வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். கட்டியிருக்காவிட்டால், அது சான்றிதழை விடப் பெரிய விஷயம். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது. போய் முறையிடுங்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் 15 வருட சேமிப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மொழியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. சிங்களத்தில் எழுதத் தெரியாததால் தகைமை கிடைக்காது என்று எண்ணி எத்தனையோ கெட்டிக்காரர்கள் விண்ணப்பப் படிவத்தையே தொடாமல் இருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விண்ணப்பத்திலேயே 'தமிழ் மொழியில் மதிப்பீடு வேண்டும்' என்று தெளிவாக எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் கிடைப்பதற்காகச் சில நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டி வந்தால் காத்திருங்கள். அவசரப்பட்டு 'சிங்களமே போதும்' என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பேச்சுச் சிங்களத்தில் கேபிள் கேட்கலாம், சாப்பாடு கேட்கலாம். காப்பு மின்தடையையும் பூமி இணைப்பையும் விளக்குவது வேறு. அதோடு, உங்கள் அறிவை எழுத்துப் பரீட்சையால் மட்டும் பார்ப்பதில்லை. வேலையைச் செய்யவிட்டுப் பார்ப்பதும், செய்யும்போதே வாய்மொழியாகக் கேட்பதும் இந்த மதிப்பீட்டின் பகுதிதான்.

நடைமுறை எளிது. கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளை வழியாக ராஜகிரிய போகும் பஸ்ஸில் ஏறி வெலிக்கடையில் இறங்கினால் நைட்டா தலைமையகம். தொழிற்கல்வி ஆணைக்குழுவும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் 'நிபுணதா பியச' கட்டடத்தில் இருக்கின்றன. தேசிய அடையாள அட்டை, சேமலாப நிதிக் கூற்று, இருக்கும் கடிதங்கள், சீ.ஆர். கொப்பி, படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு வேலைநாளின் காலையில் போங்கள். ஆர்.பி.எல். விண்ணப்பம் கேளுங்கள். கட்டணத்தை அலுவலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு முன்மதிப்பீடு ஒன்று நடக்கும்: உங்கள் கோப்பைப் பார்த்துப் பேசி, எந்த நிலைக்குத் தயார், எந்த அலகில் குறை என்று சொல்வார்கள். குறையுள்ள பகுதிக்கு மட்டும் குறுகிய பயிற்சி எடுக்கலாம். அதன்பின் மதிப்பீட்டு நாள். அது ஒரு பயிற்சி நிலையத்திலும் நடக்கலாம், வேலைத்தளத்திலும் நடக்கலாம்.

முடிவு புள்ளிகளாக வராது. 'தேர்ச்சியுள்ளவர்' அல்லது 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்று வரும். இரண்டாவது வந்தால், பரீட்சையில் தோற்றது போல் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எந்த அலகில் குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேறிய அலகுகளுக்குப் பதிவு கிடைக்கும். அவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் பிறகு முடிக்கலாம்.

இனி அந்தப் புறக்கோட்டைக்காரர். மூன்று கிழமையில் அவர் தரப்போவது இரண்டில் ஒன்று. முதலாவது, அச்சடித்த போலி. என்.வி.கியூ. சான்றிதழை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்க முடியும். கட்டாரில் உள்ள நிறுவனமும் பார்க்கலாம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் பார்க்கலாம். போலி ஆவணத்தைக் காட்டியவர் வேலையை மட்டுமல்ல, குற்றவியல் வழக்கையும் சந்திக்க நேரும். அந்த வழக்கில் புறக்கோட்டைக்காரர் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார். இரண்டாவது, ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தின் வண்ணச் சான்றிதழ். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'நாங்கள் ஆணைக்குழுவில் பதிவு செய்த நிறுவனம்' என்று பலகையில் போட்டிருப்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நிறுவனம் பதிவு செய்திருப்பது வேறு, அங்கே நடக்கும் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூ. வழங்க அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பதிவுள்ள நிறுவனத்திலேயே அங்கீகாரம் இல்லாத பாடநெறியும் நடக்கலாம். உங்கள் தம்பி, மச்சான் யாராவது காசு கட்டி எங்காவது சேரப் போனால், 'இந்தப் பாடநெறிக்கு எந்த நிலைக்கான அங்கீகாரம் இருக்கிறது, ஆணைக்குழுவின் கடிதத்தைக் காட்டுங்கள்' என்று கேட்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மனம் புண்பட்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது, அது நியாயமானதும்கூட. ஆனால் அவன் உங்கள் இடத்தைப் பறிக்கவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்ததைக் கற்றதோடு நிறுத்தாமல், அதை ஆவணமாக்கியும் கொண்டான். தினமும் ஒரே தளத்தில் நிற்கிறீர்கள். இப்போது அவன் மேற்பார்வையாளர் என்றால், உங்கள் கொப்பியில் ஒவ்வொரு கிழமையும் கையெழுத்து வைக்கக்கூடிய ஆள் அவன்தான். வேலையை நேரில் கண்ட, தகைமை உள்ள ஒருவரின் கையெழுத்துக்கு மதிப்பீட்டாளரிடம் எடை உண்டு. நாளைக்கே கேளுங்கள். மறுக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

4ஆம் நிலைக்குப் பிறகு விரும்பினால் மருதானைத் தொழில்நுட்பவியல் கல்லூரி போன்ற இடங்களில் 5ஆம், 6ஆம் நிலைகளுக்கும், அங்கிருந்து இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் பாதை திறந்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இது தூரமாகத் தெரியும். இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். கட்டார் விஷயத்தில் மட்டும், முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுப்பதற்கு முன் அவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று பத்தரமுல்லையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போட்டு முன்மதிப்பீடு முடிந்ததும், எந்தெந்த அலகில் குறை சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மோட்டார்ப் பகுதி என்றால் நீங்கள் வரைந்த ஸ்டார்-டெல்டா வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.